இது யாருடைய குரல்?

கல்முனைக் கரையில் யாராவது எழுதிய கதை ஒன்று அச்சில் வந்தால், அது நல்ல கதையா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது, "இது ஆர்ர கதை?" மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும் ஒரே வீதி இது. நெசவுக்காரர் ஒருவர் கதைக்குள் வந்தால் மருதமுனையில் அவருக்கு ஆள் பிடித்துவிடுவார்கள். கந்தோர்க் கிளாக்கர் வந்தால் அவர் எந்தக் கந்தோர் என்று தேநீர்க் கடையிலேயே தீர்ப்பாகிவிடும். கதையில் வருபவர் கெட்டவராக இருந்தால், அது எழுதியவரேதான்.

இதை ஊர்வம்பு என்று ஒதுக்க முடியாது. ஒரு நாவலாசிரியரின் வாழ்வையும் புனைவையும் சேர்த்துப் படிக்கும் பல்கலைக்கழகத் திறனாய்வும் பாதி நேரம் இதே வேலையைத்தான் செய்கிறது. ஊர் ஆதாரம் கேட்பதில்லை. திறனாய்வு கேட்க வேண்டும். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, இந்த வரி எழுதியவருடையது, இந்த வரி பாத்திரத்தினுடையது என்று பிரித்துக் காட்டுவதற்கு என்ன ஆதாரம் கிடைக்கும்? கதையின் சம்பவங்கள் மோசமான சாட்சிகள். நல்ல சாட்சிகள் இலக்கணத்துக்குள், நாம் கவனிக்காத சின்னச் சொற்களுக்குள் இருக்கின்றன.

ஈழத்து நவீனத்துவ நாவலில் இந்தச் சண்டையை மூட்டியவர் எஸ். பொன்னுத்துரை. 1932இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மட்டக்களப்பில் ஆசிரியராக நெடுங்காலம் வாழ்ந்து, நைஜீரியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய், 2014இல் சிட்னியில் இறந்தவர். அவருடைய 'தீ' 1961இல் வந்தது. ஓர் ஆண் தன் பாலுறவு அனுபவங்களை 'நான்' என்று தன் வாயாலேயே சொல்லும் நாவல். அந்த 'நான்' பொன்னுத்துரைதான் என்று வாசகர்கள் முடிவு கட்ட அதிக நேரம் எடுக்கவில்லை. அதே 1961இல் அமெரிக்காவில் வெய்ன் பூத் என்ற பேராசிரியர் புனைகதையின் சொல்முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரத்தமும் சதையுமான எழுத்தாளர் ஒருவர், கதையைச் சொல்லும் குரல் வேறொருவர், இந்த இரண்டுக்கும் நடுவே நூலைப் படிக்கும்போது நம் மனத்தில் உருவாகும் 'உள்ளுறை ஆசிரியர்' மூன்றாமவர் என்று அவர் பிரித்தார். ஈழத்தில் அப்போது இந்தப் பிரிப்பு எட்டியிருந்தால் 'தீ' பற்றிய கூச்சல் குறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கூச்சலுக்குப் பிறகாவது நிதானமாகப் பேச ஒரு வழி இருந்திருக்கும்.

'தீ'யைவிட எனக்குப் பிடித்தது 1966இல் வந்த 'சடங்கு'. கொழும்பில் வேலை செய்யும் அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் மனைவியைத் தேடி யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வந்து போகும் சில நாள்கள்தான் முழுக்கதையும். வெளியே பெரிதாக எதுவும் நடக்காது. நடப்பதெல்லாம் அந்த மனிதரின் தலைக்குள். ஒருவரின் தலைக்குள் நடப்பதைக் கடதாசியில் எப்படிக் காட்டுவது என்பதே நவீனத்துவ நாவலின் தலையாய சிக்கல். டப்ளின் நகரில் 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளை ஜேம்ஸ் ஜொய்ஸ் 'யுலிசிஸ்' ஆக்கி 1922இல் வெளியிட்டார்; லண்டனில் ஒரு விருந்து நாளை வர்ஜீனியா வுல்ஃப் 1925இல் 'மிஸஸ் டாலோவே' ஆக்கினார். நனவோடை என்று நாம் சொல்வதற்கு மூலமான உருவகத்தை உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே கொடுத்திருந்தார். அதை நாவலுக்குப் பொருத்தியது 1918இல் மே சின்கிளேர், டொரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதியபோது.

வரலாறு போதும். இது வேலை செய்வதைப் பார்க்க, நானே கட்டிய ஒரு சிறு பத்தி இது:

காசிம் கரைவலைத் தோணியின் ஓரமாக வந்து நின்றான். கடல் கலங்கியிருந்தது. நாளைக்குப் போகத்தான் வேணும். முதலாளிட கடன எத்தின நாளைக்கு இழுத்தடிக்கிற? உம்மாவுக்கும் மருந்து முடியப் போகுது. அவன் திரும்பி நடந்தான்.

முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் கதைசொல்லியுடையவை. மூன்றாவது? யாரும் வாய் திறக்கவில்லை. மேற்கோள் குறி இல்லை. 'என்று நினைத்தான்' இல்லை. ஆனாலும் அந்த 'நாளைக்கு' கதைசொல்லியின் நாளை அல்ல, காசிமின் நாளை. கேள்வியைக் கேட்பவனும் காசிம். கதைசொல்லிக்குக் கடனும் இல்லை, முதலாளியும் இல்லை. கதைசொல்லியின் குரலுக்குள் பாத்திரத்தின் மனம் சத்தமில்லாமல் நுழைந்துவிடும் இந்த உத்திக்கு 1912இல் சுவிஸ் மொழியியலாளர் சார்ள்ஸ் பாலி ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதைத் தடையற்ற அயற்கூற்று எனலாம். 1982இல் ஆன் பான்ஃபீல்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். இப்படிப்பட்ட வாக்கியங்களை எந்த மனிதரும் இன்னொருவரிடம் பேசவே முடியாது, இவை எழுத்தில் மட்டும் உயிர்வாழும் வாக்கியங்கள் என்றார். பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சொல்பவர் ஒருவர் உண்டு. இங்கே அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த உத்தியைக் கண்டுபிடிப்பது எளிது. 'நாளை' என்ற சொல்லும் இறந்தகால வினையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாதாரணப் பேச்சில் அது பிழை. தமிழில் நிலைமை வேறு. மேலே உள்ள பத்தியில் காசிமின் மனம் பேசும் மூன்று வாக்கியங்களில் இறந்தகாலமே இல்லை. 'முடியப் போகுது' காசிமின் நிகழ்காலத்தில் அப்படியே நிற்கிறது. அதைவிட ஆச்சரியம், அந்த வாக்கியங்களில் 'நான்' என்றும் இல்லை, 'அவன்' என்றும் இல்லை. தமிழ் வாக்கியம் எழுவாயைக் கேட்டு அடம்பிடிப்பதில்லை. வினை முற்றின் ஈற்றில் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் வேண்டும், முடியும், கூடாது, இல்லை போன்றவை ஆள் காட்டுவதில்லை: நான் போக வேண்டும், அவன் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். பேச்சில் வரும் 'இழுத்தடிக்கிற' என்ற வடிவமும் அப்படியே.

இதன் விளைவு சிறியதல்ல. ஜொய்ஸுக்கு ஒவ்வொரு முழு வாக்கியத்திலும் 'நான்' போடுவதா 'அவன்' போடுவதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. தப்ப வேண்டுமானால் வாக்கியத்தை உடைத்துத் துண்டாக்க வேண்டும். தமிழ் நாவலாசிரியர் நினைத்தால் எதையும் உடைக்காமலே ஒரு பக்கம் முழுக்க இரண்டும் போடாமல் ஓட்டலாம். அந்தப் பக்கத்தில் மனத்துக்கு உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று வாசகருக்கே தெரியாது. நனவோடை மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நம் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்ததுண்டு. சரக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். அதற்கு வேண்டிய இலக்கணம் இங்கே முன்னமே தயாராக இருந்தது.

'தான்' என்ற சொல்லையும் பாருங்கள். 'அவன் தோற்றுவிட்டதாக ராசிக் சொன்னான்' என்றால் தோற்றவன் வேறு யாரோ என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். 'தான் தோற்றுவிட்டதாக' என்றால் தோற்றவன் ராசிக்கேதான். யாருடைய மனத்திலிருந்து இந்தச் செய்தி வருகிறதோ அவரையே சுட்டும் பிரதிப்பெயர் இது. மேற்கு ஆபிரிக்காவில் எவே என்ற மொழியிலும் இந்த வேலைக்கென்றே தனியான ஒரு பிரதிப்பெயர் இருக்கிறது. 1970களில் மொழியியலாளர்கள் அதைப் பார்த்து வியந்து கட்டுரை எழுதினார்கள். எவே பேசும் கானாக் கரை மக்களுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் 'இது யார் மனத்திலிருந்து வருகிறது' என்று குறித்துவைக்கும் தேவை இருவருக்கும் வந்திருக்கிறது. ஒரு தமிழ் நாவலில் 'தன்' எங்கே, 'அவன்' எங்கே என்று பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு போனால், கதைசொல்லி எந்த இடத்தில் பாத்திரத்துக்குள் இறங்குகிறார், எங்கே ஏறி வெளியே வருகிறார் என்பதற்கு ஏறக்குறைய ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

இனி இந்தக் கரைக்கே உரிய சாட்சிக்கு வரலாம். அதற்கு ஒரு கல்முனைக்குடிக்காரரைக் கூப்பிட வேண்டும். எம். ஏ. நுஃமான் 1944இல் அங்கே பிறந்தவர். கவிஞர், திறனாய்வாளர், மொழியியலாளர். 1969–70இல் 'கவிஞன்' என்ற சஞ்சிகையை நடத்தினார். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் கற்பித்தார். மௌனகுரு, சித்திரலேகா ஆகியோருடன் சேர்ந்து 1979இல் இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுதினார். ஈழத்தில் நாவலைப் பற்றிய பெரிய விவாதங்கள் உள்ளடக்கத்தைச் சுற்றித்தான் நடந்தன: திறனாய்வாளர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் நாவலைச் சமூகத்தின் விளைவாகப் பார்த்தது, பொன்னுத்துரை முற்போக்கை மறுத்து 'நற்போக்கு' என்று கொடி பிடித்தார். இரண்டு தரப்பும் எழுத்தாளன் என்ன சொல்கிறான் என்றே கேட்டன. நுஃமானின் இடம் எனக்கு முக்கியமாகத் தெரிவது, அவர் மார்க்சியத்தையும் மொழியியலையும் ஒரே மேசையில் வைத்தவர் என்பதால். எந்த மொழியில் சொல்கிறான் என்ற கேள்வியை அலங்காரமாக அன்றி ஆய்வாகவே கேட்கலாம் என்பது அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்துதான் வர முடியும்.

அந்த ஆய்வுக்கு இந்தக் கரையைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. மட்டக்களப்புத் தமிழ்தான் பேச்சு வழக்குகளிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவலெபில் எழுதினார். அந்த வழக்கு அம்பாறைக் கரை வரை நீள்கிறது. அதற்குள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். திரும்பு என்பதற்குக் 'கிறுகு' என்பது போல. பிரிவது உறவுமுறையிலும் மார்க்கத்திலும். ஒரு வீட்டில் அம்மா, அப்பா, அக்கா, அண்ணன். நூறு யார் தள்ளி அடுத்த வீட்டில் உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா. ஒருவர் செத்துப்போவார், மற்றவர் மௌத்தாகிவிடுவார்.

இப்போது நாவலாசிரியரின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். உரையாடலில் 'உம்மா' என்று போடுவதில் சிக்கல் இல்லை. பாத்திரம் அப்படித்தான் கூப்பிடும். ஆனால் கதைசொல்லி தன் வாயால் சொல்லும்போது 'அவனுடைய தாய் வாசலில் நின்றாள்' என்று எழுதுவதா, 'அவனுடைய உம்மா வாசலில் நின்றா' என்று எழுதுவதா? முதலாவது எழுதியவர் வெளியே நின்று எல்லா வாசகருக்கும் பொதுவாகப் பேசுகிறார். இரண்டாவது எழுதியவர் வீட்டுக்குள்ளே நிற்கிறார். ஒரே நாவலில் முதல் ஐம்பது பக்கத்தில் 'தாய்' என்று எழுதிக்கொண்டு வந்தவர் ஒரு மரண வீட்டுக் காட்சியில் அறியாமலே 'உம்மா'வுக்கு மாறினால், அங்கே எழுத்தாளரின் வாழ்க்கை பக்கத்துக்குள் கசிந்துவிட்டது என்று சொல்லத் துணியலாம். சம்பவம் கற்பனையாக இருக்கும், பெயர் கற்பனையாக இருக்கும். அந்தச் சொல் வீட்டிலிருந்து வந்தது.

இதை முழுமூச்சாகச் செய்தவர்களும் உண்டு. அக்கரைப்பற்றுப் பக்கத்து விமல் குழந்தைவேல் 'வெள்ளாவி'யிலும் 'கசகறண'த்திலும் அந்த மண்ணின் பேச்சுக்கு நாவல் முழுவதையும் திறந்துவிட்டார். இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் பாண்டிருப்புக்காரரான உமா வரதராஜன். அவருடைய 'அரசனின் வருகை' பெயரற்ற ஒரு நகருக்கு அரசன் வருவதைச் சொல்லும் உருவகக் கதை. ஊர்மொழி முற்றாகத் துடைக்கப்பட்ட நடை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த எவருக்கும் அது எந்த ஊர் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. மொழியியலாளரின் பென்சிலுக்கு அகப்படாத கதைகளும் இருக்கின்றன. அதை ஒப்புக்கொள்வது நல்லது.

பென்சிலை வைத்துவிட்டுக் கணினியை எடுத்தவர்களின் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787–88இல் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் 12ஐ எழுதியவர் ஹமில்டனா மடிசனா என்று நெடுங்காலச் சர்ச்சை. 1960களின் தொடக்கத்தில் மொஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் கருத்தைப் பார்க்காமல் ஆங்கில இடைச்சொற்களை மட்டும் எண்ணினார்கள். 'மேல்' என்ற பொருள் தரும் ஒரு சொல்வடிவத்தை ஹமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று தரம் அளவில் எழுதுவார். மடிசன் அதைத் தொடுவதே அபூர்வம். சர்ச்சைக்குரிய 12உம் மடிசனுடையவை என்று முடிவாயிற்று. 1987இல் ஜோன் பரோஸ் ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் இதே வித்தையைச் செய்து, ஆஸ்டின் தன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேறு வேறு இடைச்சொல் விகிதம் கொடுத்திருப்பதைக் காட்டினார். ஆஸ்டின் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார். காது எண்ணியிருக்கிறது.

வாழ்வும் புனைவும் என்ற நம் கேள்விக்கு மிக நேரடியாகப் பதில் தருவது ஐரிஸ் மேடொக்கின் கதை. 1995இல் வந்த அவருடைய கடைசி நாவல் விமர்சகர்களை ஏமாற்றியது. தனக்கு எழுத்து வரவில்லை என்றுதான் அவரும் நினைத்தார். பிறகு அல்சைமர் நோய் என்று தெரியவந்தது, 1999இல் இறந்தார். 2005இல் லண்டன் ஆய்வாளர் பீட்டர் கெரார்டும் சகாக்களும் அவருடைய 1954ஆம் ஆண்டின் முதல் நாவலையும், 1978ஆம் ஆண்டின் புகழ்பெற்ற நாவலையும், இந்தக் கடைசி நாவலையும் ஒப்பிட்டார்கள். வாக்கிய அமைப்பு பெரிதாகக் குலையவில்லை. ஆனால் சொல்வளம் சுருங்கியிருந்தது. அபூர்வமான சொற்கள் போய், பலரும் பயன்படுத்தும் சொற்கள் அவற்றின் இடத்தில் வந்திருந்தன. வைத்தியர்கள் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அது நாவலுக்குள் இருந்திருக்கிறது. கதையின் சம்பவங்களில் ஆள் பிடிக்கும் எந்த வாசகராலும் இதைக் கண்டிருக்க முடியாது.

தமிழில் இப்படி எண்ண முடியுமா? முடியும், ஆனால் அப்படியே அல்ல. ஆங்கிலத்தின் இடைச்சொற்கள் தனியே நிற்கும். நம்முடையவை சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'வீட்டிலேயும்தான்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு வேற்றுமை உருபும் மூன்று இடைச்சொற்களும் இருக்கின்றன. ஆகவே சொற்களை எண்ணாமல் உம், ஏ, ஓ, தான் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து எண்ண வேண்டும். 'என்று' எழுதுபவரா 'என' எழுதுபவரா, 'போல' என்பாரா 'மாதிரி' என்பாரா, 'ஆனால்' என்பாரா 'ஆயினும்' என்பாரா என்று பார்க்க வேண்டும். புணர்ச்சியைப் பிரிக்கும் நிரல் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் மின்வருடல்கள் இருப்பதால் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் திரைக்கு வந்துவிட்டன. படமாக இருக்கும் பக்கத்தை எண்ணக்கூடிய எழுத்தாக மாற்றும் வேலை இன்னும் நிறையவே இருக்கிறது.

அதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு, அதற்கு நிரல் எழுத முடியாது. மேடொக் தன் கையெழுத்துப் பிரதியில் பதிப்பாளர் கைவைப்பதை அனுமதிக்காதவர். அதனால்தான் அந்த மூன்று நாவல்களிலும் எண்ணியது அவருடைய சொற்களையே என்று ஆய்வாளர்கள் நம்ப முடிந்தது. நம் எழுத்தாளர்களுக்கு அந்த வசதி இல்லை. கொழும்புப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் ஒருவர் 'வேணும்' என்பதை 'வேண்டும்' ஆக்கியிருக்கலாம். அச்சுக் கோப்பவர் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலைப் போட்டிருக்கலாம். சென்னையில் மறுபதிப்பு வந்தபோது மெய்ப்புப் பார்த்தவர் ஈழத்துப் 'போறன்', 'வாறன்'களைத் திருத்தி உதவி செய்திருக்கலாம். கணினி அந்தத் திருத்தத்தையும் எழுத்தாளரின் குணம் என்றே எண்ணும். 'தாய்' என்று இருக்கும் இடத்தில் எழுத்தாளர் முதலில் 'உம்மா' என்று எழுதியிருந்தாரா என்பதை அச்சுப் பிரதி சொல்லாது.

கையெழுத்துப் பிரதிதான் சொல்லும். ஆனால் அப்படிப்பட்ட பிரதிகள் எத்தனை எஞ்சியிருக்கும்? 1978 நவம்பர் சூறாவளி இந்தக் கரையின் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கடற்கரையோர வீடுகள் புத்தக அலுமாரிகளோடு போயின. நடுவே யுத்தமும் இடப்பெயர்வும். எஞ்சியவை பிரதான வீதிக்கு மேற்கே உள்ள வீடுகளில், பழைய ட்ரங்குப் பெட்டிகளில், கோடுபோட்ட அப்பியாசக் கொப்பிகளாக இருக்கக்கூடும். அவற்றில் பலவற்றின் உரிமையாளர்கள் எழுத்தாளர்களின் பிள்ளைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதவர்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கிருந்து நிந்தவூரோ சாய்ந்தமருதோ பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அந்தக் கொப்பிகளை வெட்டு, திருத்தம், பக்க ஓரக் கிறுக்கல் எல்லாம் தெரியும்படி பக்கம் பக்கமாகப் படமெடுக்க ஒரு கைபேசி போதும். எண்ணுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.